சினமன் பெண்ணுக்கு எந்த ஆண்? வளர்ப்புப் பாம்புகளின் நிறவகைகளும் பிறவிக் குறைபாடுகளும்

இலண்டனில் வசிக்கும் என் தங்கையின் மகனிடம் நான்கு வயதான பெண் ரோயல் பைதன் (மலைப்பாம்பு இனங்களில் ஒன்று) இருக்கிறது. சினமன் என்று வளர்ப்போர் அழைக்கும் செம்பழுப்பு நிறவகையைச் சேர்ந்த அந்தப் பாம்புக்கு ஓர் ஆணைச் சேர்த்துக் குட்டி எடுக்க விரும்பிய அவன், விற்பனைக்கு வந்திருந்த மூன்று ஆண்களின் படங்களை அனுப்பி, "மாமா, இதில எதை வாங்கலாம்?" என்று கேட்டிருந்தான். நிறவகையில் ஒன்று ஸ்பைடர், மற்றொன்று பிளாக் பாஸ்டல், மூன்றாவது கிளவுன். நான் கொழும்பில் நெடுங்காலம் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் கற்பித்தவன் என்பதால் என்னிடம் கேட்டான். அவனைப் பொறுத்தவரை அது எது அதிக அழகு என்ற கேள்வி. அந்த மூன்று ஆண்களும் மூன்று வெவ்வேறு விதமான பிறப்புரிமையியல் விளைவுகளைக் கொண்டுவருபவை என்பதால், அவனுக்கு எழுதிய விடையை விரித்து இங்கே தருகிறேன். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள எத்தனையோ வீடுகளுக்கு வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளிடமிருந்து இத்தகைய கேள்விகள் வருகின்றன. பாம்பென்றால் அருவருப்பு என்று சொல்லி அவற்றைத் தள்ளிவிடுவது அந்தப் பிள்ளைகளுக்கும் உதவாது, பிறக்கப்போகும் உயிர்களுக்கும் உதவாது.

முதலில் இங்குள்ளவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த ஒப்பீடு, அத்தகைய வளர்ப்பைச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்கானது. இலங்கையில் நம் வெங்கணாந்தி உள்ளிட்ட பல ஊர்வன 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். வெளிநாட்டு ஊர்வனவற்றை வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றிக் கொண்டுவரவும் முடியாது. காணொளிகளைப் பார்த்து ஆசைப்படும் பிள்ளைகள் கொழும்பில் இருந்தால், அவர்களைத் தெகிவளை மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ரோயல் பைதன் மேற்கு, மத்திய ஆபிரிக்காவுக்கு உரியது. வளர்ந்த நிலையில் ஏறக்குறைய 1 மீற்றர் முதல் 1.5 மீற்றர் வரை நீளம் கொண்ட, பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சாதுவான பாம்பு. ஒரு முறையில் பெரும்பாலும் 6 முட்டைகள் அளவில் இடும். நன்றாகப் பராமரித்தால் 30 ஆண்டுகள் வரை வாழும். பரம்பரையலகில் ஏற்படும் மாற்றத்தை விகாரம் என்கிறோம். காட்டில் அரிதாகத் தோன்றிய நிற விகாரமுள்ள பாம்புகளைப் பிடித்துவந்து, ஒன்றோடொன்று கலந்து, இன்று எண்ணற்ற நிறவகைகளை வளர்ப்போர் உருவாக்கியிருக்கிறார்கள். வெளிறிய மஞ்சளும் வெள்ளையுமான அல்பினோ வகை சிறைவளர்ப்பில் முதன்முதலாகப் பிறந்தது 1992 ஆம் ஆண்டில்தான் என்பதை நினைத்தால், இந்த வணிகம் எவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு பெருகியது என்பது புரியும்.

நிறத்தைத் தீர்மானிக்கும் பரம்பரையலகு நிறத்தோடு நின்றுவிடும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். முளையவிருத்தியின்போது நிறக்கலங்கள் நரம்புமுடியிலிருந்து, அதாவது முளையத்தின் முதுகுப்புறத்தில் தோன்றும் ஒரு கலத்தொகுதியிலிருந்து, புறப்பட்டு உடலெங்கும் பரவுகின்றன. நரம்பு மண்டலத்தின் சில பகுதிகளும் தலையின் எலும்புகள் பலவும் அதே இடத்திலிருந்துதான் தோன்றுகின்றன. ஆகவே தோலின் கோலத்தை மாற்றும் விகாரம் ஒன்று செவியையோ கண்ணையோ சேர்த்துப் பாதிப்பதில் வியப்பில்லை. எல்லா நிறவகைகளும் அப்படிப் பாதிப்பதில்லை என்பதும் உண்மை. ஒவ்வொரு பரம்பரையலகும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வருகிறது. எது பாதிக்கிறது, ஒரு பிரதியாக இருக்கும்போதே பாதிக்கிறதா, இரண்டு பிரதிகள் சேரும்போது மட்டும் பாதிக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தத் தேர்வில் செய்யவேண்டிய முதல் வேலை. நிறம் பிடித்திருக்கிறதா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்பைடரை எடுத்துக்கொள்வோம். மெல்லிய கருங்கோடுகள் வலைபோல் ஓடும் மஞ்சட்பழுப்பு உடல். மருமகனின் மனம் முதலில் சாய்ந்ததும் இதன்பக்கம்தான். இது 1999 ஆம் ஆண்டு ஆபிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு இறக்குமதியான ஒரே ஒரு பாம்பிலிருந்து பெருகிய வகை. விகாரம் ஆட்சியுடையது, ஒரு பிரதி போதும், கோலம் வெளிப்பட்டுவிடும். சாதாரணப் பாம்போடு சேர்த்தால் குட்டிகளில் சராசரியாகப் பாதி ஸ்பைடராகப் பிறக்கும். ஒரு முறையிலேயே பலன் கண்ணுக்குத் தெரிவதால் வளர்ப்போர் இதை விரும்பினார்கள், உலகமெங்கும் பரப்பினார்கள்.

அந்தக் கோலத்தோடு தலைநடுக்கமும் வந்தது. ஸ்பைடர் பாம்பு தலையை ஒருபக்கம் சாய்த்துப் பிடிக்கும். சிலவேளை தலை தலைகீழாகத் திரும்பி முறுக்கிக்கொள்ளும். மல்லாத்தினால் நிமிரத் தடுமாறும். இரையைக் குறிபார்த்துத் தாக்கும்போது தவறவிடும். உணவு கிடைக்கும் நேரத்திலும், இடம் மாற்றும்போதும், வேறு வகையில் கலக்கமடையும்போதும் நடுக்கம் கூடும். பல ஆண்டுகளாக இதை மூளைக் கோளாறு என்றே எல்லோரும் சொல்லிவந்தார்கள். 2022 ஆம் ஆண்டு ஜேர்மன் ஆய்வாளர்கள் நுண்கதிர்ப் படப்பிடிப்பையும் இழையவியல் ஆய்வையும் கொண்டு ஸ்பைடர் பாம்புகளின் உட்செவியைச் சாதாரணப் பாம்புகளின் உட்செவியோடு ஒப்பிட்டார்கள். அரைவட்டக் கால்வாய்கள் அகன்றும் அவற்றின் குமிழ்ப்பகுதிகள் உருக்குலைந்தும், சமநிலையை உணரும் சிறுபை சுருங்கி வடிவம் மாறியும் இருந்தன. எது மேல், எது கீழ் என்பதை உடலுக்கு உணர்த்தும் உறுப்பே பிறவியில் தவறாக அமைந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

இதை மறுப்பவர்கள் சொல்லும் வாதங்களை நேர்மையாக எடுத்துப் பார்க்க வேண்டும். "என்னுடைய ஸ்பைடர் நன்றாகச் சாப்பிடுகிறது, முட்டையும் இடுகிறது" என்பது ஒன்று. அது உண்மையாக இருக்கலாம். இலேசாகப் பாதிக்கப்பட்டவை பல ஆண்டுகள் வாழ்கின்றன. இலேசான நடுக்கமுள்ள பாம்புகளைத் தெரிந்தெடுத்துச் சேர்த்தால் குறையைக் குறைத்துவிடலாம் என்பது மற்றொன்று. நடைமுறையில் அது கைகூடவில்லை. இலேசாகத் தலை சாய்க்கும் தாய்க்கும், இரையைப் பிடிக்கவே முடியாத அளவுக்கு முறுக்கிக்கொள்ளும் குட்டி பிறக்கிறது. எந்தக் குட்டிக்கு எந்த அளவு வரும் என்பதைப் பெற்றோரைப் பார்த்துச் சொல்ல முடியாது. கோலத்தையும் குறையையும் பிரிக்கவும் இதுவரை யாராலும் இயலவில்லை. இரண்டும் ஒரே விகாரத்தின் விளைவு என்று கொள்வதே பொருத்தமானது. இரண்டு ஸ்பைடர்களைச் சேர்த்தால் இரு பிரதிகளும் கொண்ட குட்டி நான்கில் ஒன்றாக வரவேண்டும். அத்தகைய பாம்பு உயிரோடு இருப்பதாக உறுதிப்படுத்தப்படவில்லை என்பதால், அந்த முளையங்கள் முட்டைக்குள்ளேயே இறந்துபோவதாகக் கருதப்படுகிறது. பிரித்தானியாவின் சர்வதேச ஊர்வனவியற் சங்கம் தன் விற்பனைச் சந்தைகளில் ஸ்பைடர் வகையை 2018 ஆம் ஆண்டு முதல் தடைசெய்திருக்கிறது. ஜேர்மனியின் விலங்குநலச் சட்டம், துன்பத்தைப் பிறவியிலேயே சுமக்கும் விலங்குகளை உருவாக்கும் இனப்பெருக்கத்தை 11ஆ பிரிவில் பொதுவாகவே தடுக்கிறது. ஷாம்பேன், வோமா போன்ற வேறு சில நிறவகைகளிலும் இதே நடுக்கம் காணப்படுகிறது. அவற்றை ஸ்பைடரோடு கலப்பது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

என் மருமகன் ஸ்பைடரைச் சேர்த்தால் 6 முட்டைகளில் ஏறக்குறைய 3 குட்டிகள், சமநிலை உறுப்புப் பழுதோடு 20, 30 ஆண்டுகள் வாழப் பிறக்கும். இதை நான் முற்றாக நிராகரிக்கிறேன். ஏற்கெனவே பிறந்துவிட்ட ஸ்பைடர் ஒன்றுக்கு வீடு கொடுத்துப் பராமரிப்பது நல்ல செயல். புதிதாக ஒன்றை உண்டாக்குவது வேறு.

பிளாக் பாஸ்டல் அப்படிப்பட்டதல்ல. அதன் ஒரு பிரதி கொண்ட பாம்பு நலமாகவே இருக்கும்; சினமனும் அவ்வாறே. தனித்தனியே பார்த்தால் குற்றம் சொல்ல எதுவுமில்லை, விற்பவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இவ்விரண்டும் ஒரே பரம்பரையலகின் எதிருருக்கள், அதாவது மாற்று வடிவங்கள். சினமன் தாய்க்கும் பிளாக் பாஸ்டல் தந்தைக்கும் பிறக்கும் குட்டிகளில் சராசரியாக நான்கில் ஒன்று சாதாரணமாகவும், நான்கில் ஒன்று சினமனாகவும், நான்கில் ஒன்று பிளாக் பாஸ்டலாகவும், மீதி நான்கில் ஒன்று இரண்டையும் சுமந்தும் பிறக்கும். அந்தக் கடைசிக் குட்டி, கோலமே இல்லாத கருமையான, பளபளப்பான பாம்பு. அதற்காகத்தான் பலர் இந்தச் சோடியைச் சேர்க்கிறார்கள். இரட்டைப் பிரதி கொண்ட அந்தக் கரும்பாம்புகளில் சிலவற்றுக்கு முகவாய் வாத்தின் அலகுபோல் தட்டையாக அமைகிறது. சிலவற்றுக்கு முதுகெலும்பு மடிந்து முடிச்சிட்டதுபோல் வளைகிறது. எல்லாவற்றுக்கும் வருவதில்லை என்பதே இங்கு ஆபத்தாகிறது, ஏனெனில் நலமாகப் பிறந்தவற்றின் படங்கள் மட்டுமே விளம்பரத்தில் வருகின்றன, வளைந்தவற்றை யாரும் காட்டுவதில்லை.

வேறொருவருக்கு, அதாவது சாதாரணப் பெண் பாம்பு வைத்திருப்பவருக்கு, இந்த ஆண் நல்ல தேர்வாக இருக்கலாம். சினமன் பெண்ணை வைத்திருப்பவருக்கு இது தவறான தேர்வு. விற்பனை அட்டையில் எழுதியிருப்பது அந்த ஒரு பாம்பைப் பற்றித்தான்; உங்கள் வீட்டில் காத்திருக்கும் மற்றப் பாம்பு அதில் எழுதப்பட்டிருப்பதில்லை. கண்கள் புடைக்கும் வெள்ளைநிற லெஸர் இரட்டைப் பிரதி, முதுகு வளையும் கரமெல் அல்பினோ, பெண்கள் முட்டையிட முடியாமல் துன்புறும் டெசர்ட் ஆகியவற்றையும் சோடி சேர்ப்பதற்கு முன் இவ்வாறே தனித்தனியாக விசாரிக்க வேண்டும்.

கிளவுன் பின்னிடைவான வகை, அதாவது இரண்டு பிரதிகளும் சேர்ந்தால் மட்டுமே கோலம் வெளிப்படும். முதுகில் நீண்டோடும் கருங்கோடும் தலையில் தனித்த அடையாளங்களும் கொண்ட அழகான பாம்பு. இதனோடு உடற்குறை எதுவும் இதுவரை தொடர்புபடுத்தப்படவில்லை. சினமன் பெண்ணோடு சேர்த்தால் முதல் தலைமுறையில் ஒரு கிளவுன்கூடப் பிறக்காது. பாதிக் குட்டிகள் சினமனாகவும் பாதி சாதாரணமாகவும் தோன்றும், அனைத்தும் ஒரு பிரதியை மறைவாகச் சுமக்கும். தலசீமியாவைச் சுமப்பவர் நலமாகவே இருந்து, சுமக்கும் இருவர் மணந்தால் மட்டும் நான்கில் ஒரு பிள்ளைக்கு நோய் வெளிப்படுவதை இங்குள்ளவர்கள் அறிவார்கள். கணக்கு அதேதான்; இங்கே வெளிப்படுவது நோயாக இல்லாமல் கோலமாக இருக்கிறது.

சிக்கல் இரண்டாம் தலைமுறையில் வருகிறது. கிளவுன் குட்டியைக் காண விரும்புபவருக்கு முன் இரண்டு சுருக்குவழிகள் இருக்கின்றன: மகளைத் தந்தையோடு சேர்ப்பது, அல்லது சகோதரனையும் சகோதரியையும் சேர்ப்பது. முதலாவதில் பாதியும் இரண்டாவதில் நான்கில் ஒன்றும் கிளவுனாக வரும். இரண்டிலுமே பிறக்கும் குட்டியின் உள்ளக விருத்திக் குணகம், அதாவது ஒரு பரம்பரையலகின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு, 25 சதவீதம். மச்சானும் மச்சாளும் மணந்துகொள்ளும்போது பிறக்கும் பிள்ளைக்கு இந்தக் குணகம் 6.25 சதவீதம், சொந்தத்துக்குள் செய்வதைப் பற்றி நம் குடும்பங்களில் மருத்துவர்கள் எச்சரிக்கும் அந்த அளவைவிட இது நான்கு மடங்கு. அதிலும், பின்னிடைவான நிறவகைகள் பலவும் காட்டில் பிடித்த ஒன்றிரண்டு பாம்புகளின் வழித்தோன்றல்கள் என்பதால், உறவே இல்லை என்று சொல்லி விற்கப்படும் இரண்டு கிளவுன்களுக்கு இடையிலும் தூரத்து உறவு இருக்கக்கூடும். இத்தகைய சேர்க்கை தலைமுறைக்குத் தலைமுறை தொடர்ந்தால், நிறத்தோடு தொடர்பில்லாத, யாரும் பெயர் வைக்காத குறைகள் மேலே வருகின்றன: கருவுறாத முட்டைகள், முட்டைக்குள் இறக்கும் முளையங்கள், இரையெடுக்க மறுக்கும் குட்டிகள், கண்ணின்றிப் பிறப்பவை. நடுக்கம்போல் கண்ணில் படாதவை என்பதால் அவற்றைத் தற்செயல் என்று எழுதிவிடுகிறார்கள்.

சுருக்குவழியைத் தவிர்க்கவும் வழி இருக்கிறது. வேறொரு வளர்ப்பாளரிடமிருந்து, ஒரு பிரதியை மறைவாகச் சுமக்கும் உறவற்ற பெண் ஒன்றைப் பிற்காலத்தில் வாங்கிச் சேர்க்கலாம். மறைவாகச் சுமப்பதை முன்பெல்லாம் விற்பவரின் வாய்ச்சொல்லை வைத்துத்தான் நம்ப வேண்டியிருந்தது. இப்போது பாம்பு கழற்றிய தோலிலிருந்து பரம்பரையலகைச் சோதிக்கும் ஆய்வுகூடங்கள் இருக்கின்றன. இந்த வழிக்கு வலுச்சேர்த்தவற்றுள் ஒன்று, அமெரிக்காவின் கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2022 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு. வளர்ப்போர் அஞ்சலில் அனுப்பிய சட்டைகளைக்கொண்டே அல்பினோ உள்ளிட்ட மூன்று நிறவகைகளின் விகாரங்களை அவர்கள் கண்டறிந்தார்கள். ஒரு சட்டைத் துண்டைக் கடித உறையில் இட்டு அனுப்பப் பொறுமையில்லாதவர் இனப்பெருக்கத்தில் இறங்காமல் இருப்பதே நல்லது.

மருமகன் படம் அனுப்பாத நான்காவது தெரிவு ஒன்று உண்டு: நிறவகை எதுவுமில்லாத, உறவற்ற, சாதாரண ஆண். குட்டிகளில் பாதி சினமனாகவும் பாதி சாதாரணமாகவும் பிறக்கும். விலை குறைவு, ஆரவாரமில்லை, பிறப்புரிமையியல் நோக்கில் மிகப் பாதுகாப்பானது. குட்டிகளை வாங்க ஆள் கிடைப்பது கடினம் என்பதுதான் இதன் குறை. அது சிறிய குறையன்று, ஏனெனில் ஏற்பாரில்லாத குட்டி மீட்பு நிலையத்துக்குத்தான் போய்ச் சேரும்.

ஐந்தாவது, குட்டியே எடுக்காமல் விடுவது. பெண் பாம்பு தனியாக இருந்தால் ஏங்கிப்போகும் என்று அவனுடைய நண்பர்கள் சொன்னார்களாம். பாம்புகளைப் பற்றி அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆணின்றியும் பெண் முட்டையிடலாம் என்பது மட்டும் உண்மை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் 60 வயதைத் தாண்டியதாகக் கணிக்கப்பட்ட ரோயல் பைதன் ஒன்று, 15 ஆண்டுகளுக்கு மேல் ஆணின் அருகில் இல்லாதிருந்தும், 2020 ஆம் ஆண்டு 7 முட்டைகள் இட்டது. முட்டையிடும் பெண் பல மாதங்கள் உண்ணாமல் உடல் மெலிகிறது. முட்டை உள்ளே சிக்கினால் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். அந்தச் சுமையை அதன்மேல் ஏற்றாமல் இருப்பதும் வளர்ப்பவர் எடுக்கக்கூடிய ஒரு முடிவுதான்.

பிறவிக் குறை எல்லாவற்றையும் பரம்பரையலகின் தலையில் போட்டுவிடவும் கூடாது. இந்த இனத்தின் முட்டைகளை 31 முதல் 32 பாகை செல்சியசில், நல்ல ஈரப்பதத்தில், ஏறக்குறைய 55 முதல் 60 நாட்கள் வைத்திருக்க வேண்டும். கொழும்பில் சித்திரை மாதத்து நண்பகல் வெப்பத்துக்கு நெருங்கிய அளவு அது. இலண்டனில் வெப்பச்சீராக்கியுள்ள பெட்டி வேண்டும். பெட்டி அளவுக்கு மீறிச் சூடானால் நல்ல பெற்றோரின் குட்டிகளும் முதுகு வளைந்து பிறக்கும். ஒரே முறையில் பிறந்த குட்டிகளில் எல்லா நிறங்களிலும் வளைவு தென்பட்டால் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும். இரட்டைப் பிரதி கொண்டவற்றில் மட்டும் தென்பட்டால் சோடியைச் சந்தேகிக்க வேண்டும். அதேபோல், ஸ்பைடர் அல்லாத வளர்ந்த பாம்பு திடீரென்று வானத்தைப் பார்த்தபடி தலையை முறுக்கினால் அது பிறவிக் குறையன்று. ரெப்டரீனா வைரசுத் தொற்றாக இருக்கலாம், அதற்கு மருந்து கிடையாது. எந்த ஆணை வாங்கினாலும் வைரசுச் சோதனை செய்து, மூன்று மாதமாவது வேறு அறையில், வேறு கருவிகளோடு தனித்து வைத்த பிறகுதான் பெண்ணின் அருகில் கொண்டுவர வேண்டும்.

இவற்றையெல்லாம் வைத்து நான் அவனுக்குச் சொன்ன வரிசை இது. முதல் முறை குட்டி எடுப்பவன் என்பதால், இந்த ஆண்டு எதையும் சேர்க்காமல் விடுவதே சிறந்தது. பெண்ணின் எடை 1,500 கிராமைத் தாண்டி நிலைபெறட்டும், இரையைப் பற்றியும் பெட்டியைப் பற்றியும் கற்றுக்கொள்ளட்டும். அதன் பிறகும் விருப்பம் குறையாவிட்டால், பெற்றோரின் விவரமும் சட்டைச் சோதனை முடிவும் எழுத்தில் தரக்கூடியவரிடமிருந்து கிளவுன் ஆணை வாங்கலாம். குட்டிகளைத் தங்களுக்குள் சேர்ப்பதில்லை என்ற தீர்மானத்தோடும், வாங்குபவர்களுக்கு அதை எழுதிக் கொடுக்கும் நேர்மையோடும்தான் அதைச் செய்ய வேண்டும். 6 குட்டிகளுக்கும் வீடு உறுதியென்றால் சாதாரண ஆணும் எனக்கு உடன்பாடே. பிளாக் பாஸ்டல் இந்தப் பெண்ணுக்கு வேண்டாம். ஸ்பைடர் எந்தப் பெண்ணுக்கும் வேண்டாம்.

புதிதாகத் தோன்றியிருக்கும், இன்னும் யாரிடமும் இல்லாத நிறவகை என்று சொல்லி விற்கப்படுவதையும் அவன் தொடக்கூடாது என்று சேர்த்துச் சொன்னேன். லெமன் புரொஸ்ட் என்ற சிறுத்தைப்பல்லி வகை அதற்குச் சான்று. பளிச்சென்ற வெண்மஞ்சள் நிறத்துக்காகப் பெரும் விலைக்கு விற்கப்பட்ட அந்தப் பல்லிகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றுக்கு, பிறந்து 5 ஆண்டுகளுக்குள் நிறக்கலங்களிலிருந்தே புற்றுக்கட்டிகள் தோன்றின; நிறத்துக்குக் காரணமான விகாரம் கட்டிக்கும் தொடர்புடையது என்பதை 2021 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. முட்டையிலிருந்து வெளிவரும்போது குட்டி நலமாக இருப்பது போதிய உத்தரவாதம் ஆகாது. பல ஆண்டுகள், பல கைகளில் வளர்ந்து, முதிர்ந்த பாம்புகளைப் பார்க்கக்கூடிய நிறவகைகளையே நம்பலாம்.

எவ்வளவு கவனமாகத் தேர்ந்தாலும் குறையுள்ள குட்டி பிறக்க வாய்ப்புண்டு. அப்போது என்ன செய்வதென்று முட்டை இடுவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். வாலருகே சிறு வளைவோடு, உண்டு, கழித்து, நகரும் குட்டி நல்ல வாழ்வு வாழும். அதை வளர்க்கலாம், இனப்பெருக்கத்துக்கு மட்டும் விடக்கூடாது, யாருக்காவது கொடுத்தால் குறையைச் சொல்லியே கொடுக்க வேண்டும். உணவு இறங்க முடியாதபடி முதுகு மடிந்த குட்டியையோ, வாய் மூடாத குட்டியையோ நாட்கணக்கில் பட்டினியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை. ஊர்வனவற்றில் அனுபவமுள்ள மிருக வைத்தியரிடம் கொண்டுபோய், மயக்க மருந்தின் கீழ் அதன் துன்பத்தை முடிக்க வேண்டும். உறைபெட்டிக்குள் வைத்து முடிக்கும் பழைய வழக்கத்தை ஒருபோதும் பின்பற்றக்கூடாது. அந்த வைத்தியரின் தொலைபேசி இலக்கமும் அதற்கான பணமும் கையில் இல்லாத வரையில் ஆணைப் பெண்ணின் பெட்டிக்குள் விடாதே என்று அவனுக்கு எழுதியிருக்கிறேன்.